வரையறுத்து ஒடுக்குதல்: சீனப் பேரரசுகளும் தாவோ சமயமும் – 1281ஆம் ஆண்டு நூலெரிப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சீனப் பேரரசுகள் தாவோ சமயத்தின்மீது மேற்கொண்ட ஒடுக்குமுறைகள் பெரும்பாலும் சமயப் பகைமையின் விளைவுகளாகவே விளக்கப்படுகின்றன. இக்கட்டுரை அவற்றை வேறொரு நிலையிலிருந்து அணுகுகிறது. எது மெய்யான தாவோ, எந்நூல் அதன் மறை, யார் அதன் குரு என்பவற்றை முடிவுசெய்யும் உரிமையை அரசு தன்வசப்படுத்திக்கொள்ள எடுத்த நடவடிக்கைகளே அவை என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும். யுவான் பேரரசர் குப்லாய் கான், தாவோ தே ஜிங் ஒன்று நீங்கலாக ஏனைய தாவோ நூல்களை எரிக்குமாறு 1281இல் பிறப்பித்த ஆணை முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதே ஆண்டில் சீனத் துறைமுக நகரொன்றில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒப்பீட்டுச் சான்றாகப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாவோ சமயம், சுவான்சென் மரபு, வான்குரு மரபு, குப்லாய் கான், நூலெரிப்பு, மறைத்தொகுதி, சுவான்சௌ கல்வெட்டு.

1. முன்னுரை

தமிழ் வாசகர் அறிந்துள்ள தாவோ பெரும்பாலும் ஒரே நூலின் தாவோ ஆகும். லாவோட்சுவின் பெயரால் வழங்கும் தாவோ தே ஜிங், சி. மணி முதலியோரின் மொழிபெயர்ப்புகள் வழியாகத் தமிழில் பரவலாக அறிமுகமாகியுள்ளது. ஆனால் சீனாவில் தாவோ என்பது அந்நூலோடு முடிந்துவிடவில்லை. 1445இல் மிங் அரசின் ஆதரவில் அச்சிட்டு முடிக்கப்பட்ட தாவோ மறைத்தொகுதி ஏறத்தாழ 5,300 சுருள்களைக் கொண்டது. சுருள் என்பது பழைய சீன நூற்பகுப்பின் அலகு. சடங்கு நெறிகள், மந்திர எழுத்துகள், நோய் நீக்கும் முறைகள், உடலைப் பேணும் பயிற்சிகள், தெய்வங்களின் வரிசைகள், துறவியர் வரலாறுகள் எனப் பலவும் அதில் அடங்கும். தாவோ தே ஜிங் இப்பெருந்தொகுதியின் மிகச் சிறிய பகுதியே.

ஒரு பெருஞ்சமயம் வெளியுலகின் பார்வையில் ஒரே நூலாகச் சுருங்கியது எவ்வாறு? இச்சுருக்கத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, சீன அரசுகள் தாவோ சமயத்தை நடத்திய முறையாகும். 1281இல் ஒரு பேரரசர், லாவோட்சுவின் நூல் மட்டுமே மெய், மற்றவை பொய் என ஆணையாகவே அறிவித்தார். அவ்வாணை எச்சூழலில் எழுந்தது, எந்த நெடிய வழக்கத்தின் தொடர்ச்சியாக அமைந்தது, எதனை அழித்தது, எதனை விட்டுவைத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. சான்றுகளின் தன்மை

1281ஆம் ஆண்டு நிகழ்வுகளை விரிவாகக் கூறும் நூல், சியாங்மாய் என்ற பௌத்தத் துறவி 1291இல் தொகுத்த பியென்வெய் லூ ஆகும். பொய்யானவற்றைப் பிரித்துக்காட்டும் பதிவு என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பே அதன் சார்பை வெளிப்படுத்துகிறது. வாதில் வென்ற தரப்பினர், வெற்றிக்குப் பிறகு, அரசின் ஆதரவு நிலவிய காலத்தில் எழுதிய நூல் அது. தோற்ற தரப்பின் விரிவான வாதப்பதிவு எதுவும் அதற்கு ஈடாக எஞ்சவில்லை. எனவே அந்நூல் தரும் உரையாடல்களை அப்படியே நடந்தவையாகக் கொள்வது பொருந்தாது. எனினும் அது அரசாணைகளை எடுத்தாள்கிறது. எரிக்கப்பட வேண்டிய நூல்களின் பெயர்களைப் பட்டியலிடுகிறது. இவ்வகைச் செய்திகளுக்கு அதன் சான்று மதிப்பு மிகுதி. மிங் ஆட்சியின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட யுவான் அரசமரபு வரலாறு, தாவோ மடங்களின் கல்வெட்டுகள், மறைத்தொகுதியில் எஞ்சிய நூல்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

3. கிளர்ச்சியின் நிழல்

தாவோ சமயம் அமைப்பு வடிவம் பெற்ற காலத்திலேயே அரசோடு மோதியது. கி.பி. 184இல் சாங் ஜுவே என்பவர் தலைமையில் கிழக்கு ஹான் அரசுக்கு எதிராக மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்தது. மந்திரித்த நீராலும் குற்றங்களை ஒப்புக்கொள்ளச் செய்வதாலும் நோய் தீர்த்த இவ்வியக்கம், தன் அடியாரை 36 பிரிவுகளாக அமைத்திருந்தது. அரசு அதனைப் படைகொண்டு ஒடுக்கியது.

மேற்கே சிச்சுவான் பகுதியில் வளர்ந்த வான்குரு மரபின் போக்கு வேறாக இருந்தது. இம்மரபு 142இல் சாங் தாவோலிங்குக்குக் கிடைத்த வெளிப்பாட்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. அடியார் ஒவ்வொருவரும் ஐந்து மரக்கால் அரிசி செலுத்தினர். குடும்பங்கள் சமயப் பதிவேட்டில் குறிக்கப்பட்டன. நிலப்பரப்பு 24 சமய வட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அவருடைய பெயரர் சாங் லூ, ஹான்சோங் பகுதியில் அரசு அலுவலருக்குப் பதிலாகச் சமயத் தலைவர்களையே கொண்டு ஆட்சி நடத்தினார். 215இல் அவர் சாவோ சாவோவிடம் பணிந்தபோது தண்டிக்கப்படவில்லை. பட்டமும் நிலமும் பெற்றார். அதே வேளையில் அடியார் பலர் ஹான்சோங்கிலிருந்து வேறிடங்களுக்குப் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டனர்.

இவ்விரு நிகழ்வுகளும் அரசுக்கு ஒரே பாடத்தைத் தந்தன எனலாம். அரசு அஞ்சியது கோட்பாட்டையன்று. குடிகளைப் பதிவேட்டில் ஏற்றி, அரிசி திரட்டி, குற்றத்திற்குத் தீர்வு கூறிய ஓர் அமைப்பையே அஞ்சியது. இவை யாவும் அரசின் தொழில்கள். 399இல் கிழக்கு ஜின் ஆட்சிக்கு எதிராகச் சுன் என் நடத்திய கிளர்ச்சியும் வான்குரு மரபோடு தொடர்புடைய குடும்பத்திலிருந்தே எழுந்தது. ஆகவே, வட வெய் அரசவைக்கு 424இல் வந்த கோ சியென்ஜி, தாவோ சமயத்தைத் தூய்மைப்படுத்துவதாகக் கூறி அரிசித் தண்டலைக் கண்டித்ததில் வியப்பில்லை. அரசுக்கு அச்சம் தந்த உறுப்பைச் சமயத்தின் உள்ளிருந்தே அவர் நீக்க முயன்றார். 442இல் பேரரசர் தாய்வூ தாவோ தீக்கை பெற்றுக்கொண்டார்.

அரசவையின் அருள் நிலையானதன்று என்பதை ஆறாம் நூற்றாண்டு காட்டியது. 555இல் வட சி பேரரசர் வென்சுவான், இரு சமயத்தாரையும் வாதிடச் செய்து, தாவோ துறவியரைத் தலைமழித்துப் பௌத்தராகுமாறு ஆணையிட்டார். 574இல் வட சௌ பேரரசர் வூ பௌத்தம், தாவோ ஆகிய இரண்டையுமே தடைசெய்தார். ஆனால் அவரே தோங்தாவோ குவான் என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கி அறிஞரை அமர்த்தினார். அவரது ஆதரவில் தாவோ கோட்பாடுகளின் கலைக்களஞ்சியமான வூஷாங் பீயாவ் தொகுக்கப்பட்டது. மடங்களை மூடிய கையே தாவோ அறிவைத் தொகுப்பித்தது. தாவோ என்ற அறிவு அரசின் மாளிகைக்குள் இருக்கலாம், அரசுக்கு வெளியே தனி அமைப்பாக இயங்கக் கூடாது என்பதே இவ்விரட்டை நடவடிக்கையின் உட்பொருள்.

4. அரவணைப்பின் விலை

தாங் அரச குடும்பத்தின் குடிப்பெயர் லீ. லாவோட்சுவின் குடிப்பெயரும் அதுவே எனக் கருதப்பட்டதால், அவர் அரச முன்னோராகப் போற்றப்பட்டார். 637இல் அரச விழாக்களில் தாவோ துறவியருக்குப் பௌத்தருக்கு முன்னான இடம் அளிக்கப்பட்டது. 741இல் தாவோ நூல்களைக் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் தொடங்கின. இப்பொற்காலத்திலேயே அரசு தாவோ நூல்களை எரித்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 648இல் பேரரசர் தாய்சோங், மூவேந்தர் மறை எனப் பொருள்படும் சான்ஹுவாங் வென் நூலைத் தடைசெய்து எரிப்பித்தார். அந்நூலை வைத்திருப்பவர் அரியணை பெறுவர் என்ற நம்பிக்கை நிலவியதே தடைக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அதற்கு ஈடாக அளிக்கப்பட்ட நூல் தாவோ தே ஜிங் ஆகும். 1281இன் அளவுகோல் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டதை இங்குக் காண்கிறோம்.

தனிமனிதர்மீதும் அரசின் அருள் விரைந்து மாறியது. 845இல் பேரரசர் வூசோங் பௌத்தத்தைக் கடுமையாக ஒடுக்கியபோது, அவருக்கு நெருக்கமாக இருந்த தாவோ குரு சாவ் குய்சென். மறு ஆண்டு பேரரசர் இறந்ததும் அடுத்த அரசர் அக்குருவைக் கொல்வித்தார். சோங் பேரரசர் ஹுய்சோங் 1119இல் புத்தருக்கும் பௌத்தத் துறவியருக்கும் தாவோ பெயர்களைச் சூட்டினார்; மறு ஆண்டே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. எனினும் தாவோ மறைத்தொகுதி முதன்முறையாக முழுமையாக அச்சேறியது அவர் காலத்தில்தான்.

வட சீனாவை ஆண்ட ஜின் அரசில் சுவான்சென் மரபு தோன்றியது. வாங் சே (1113–1170) நிறுவிய இம்மரபு துறவையும் அகப்பயிற்சியையும் வலியுறுத்தியது. 1190இல் ஜின் பேரரசர் சாங்சோங், மக்களை மயக்குவதாகக் குற்றஞ்சாட்டி அதனைத் தடைசெய்தார். ஏழே ஆண்டுகளில் அதே பேரரசர் அம்மரபின் குரு வாங் சூயீயை அரசவைக்கு அழைத்துச் சிறப்பித்தார். இடைப்பட்ட காலத்தில் சுவான்சென் கோட்பாடு மாறவில்லை. அரசோடு அது கொண்ட உறவு மட்டுமே மாறியது.

5. செங்கிஸ் கானின் ஆணையும் சுவான்சென் எழுச்சியும்

வாங் சேயின் மாணவர் சியூ சூஜி (1148–1227) தம் எழுபதாவது அகவையைக் கடந்த நிலையில், செங்கிஸ் கானின் அழைப்பை ஏற்று 1220இல் சாந்தோங் பகுதியிலிருந்து புறப்பட்டார். 1222இல் இந்துகுஷ் மலைப்பகுதியில் கானைச் சந்தித்தார். இப்பயணத்தை உடன் சென்ற மாணவர் லீ சிச்சாங் எழுதிவைத்தார். சாவாமை தரும் மருந்து உண்டா எனக் கான் வினவியபோது, உயிரைப் பேணும் வழிகள் உண்டு, சாவாமை மருந்து இல்லை எனச் சியூ விடையளித்ததாக அப்பயணநூல் பதிவுசெய்கிறது. 1223இல் சியூ சூஜியின் மாணவருக்கு வரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் விலக்களிக்கும் ஆணை கிடைத்தது.

இவ்வாணையின் பின்விளைவுகள் மிகப் பெரியவை. போரால் சிதைந்த வட சீனாவில், வரியும் கட்டாய உழைப்பும் உயிரையே பறிக்கும் சுமைகளாக இருந்தன. அவற்றிலிருந்து விலக்குப் பெற்ற ஓர் அமைப்பில் சேர்வது பலருக்குப் புகலிடமாயிற்று. மரபு விரைந்து பெருகியது. போரில் கைவிடப்பட்ட பௌத்த மடங்கள் பல சுவான்சென் துறவியர் வசமாயின. சோங் தெஃபாங்கும் அவர் மாணவர்களும் 1237 முதல் 1244 வரை பிங்யாங் நகரில் உழைத்து, 7,800 சுருள்களுக்கு மேற்பட்ட புதிய தாவோ மறைத்தொகுதியை அச்சிட்டனர். முந்தைய தொகுதிகள் பேரரசர்களால் வெளியிடப்பட்டவை. இதனைத் தாமே முன்னின்று முடித்தோர் துறவியர். தமக்குரிய மறையைத் தாமே வரையறுக்கும் வலிமையை மரபு எட்டியிருந்ததற்கு இத்தொகுதி சான்றாகும். அவ்வலிமையே அதன் நெருக்கடிக்கும் வித்தாயிற்று.

6. வாதங்கள்: 1255, 1258

மோதலுக்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஹுவா ஹூ ஜிங் என்ற பழைய நூல். லாவோட்சு மேற்கு நோக்கிச் சென்று அயல்நாட்டாரை நெறிப்படுத்தினார், பௌத்தம் அவரது போதனையின் ஒரு வடிவமே என்பது அதன் கருத்து. கி.பி. 300ஐ ஒட்டி வாங் ஃபூ என்பவர் இயற்றியதாகக் கூறப்படும் இந்நூல் தாங் காலத்திலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. லாவோட்சுவின் எண்பத்தொரு தோற்றங்களைப் படங்களோடு விளக்கும் நூலொன்றைச் சுவான்சென் மரபினர் அச்சிட்டுப் பரப்பியதும் பூசல் முற்றியது. ஷாவோலின் மடத்தின் தலைவர் ஃபூயூ பெருங்கான் மோங்கேயிடம் முறையிட்டார். 1255இல் காரகோரம் அரசவையில் நடந்த வாதில் லீ சிச்சாங் தோற்றதாகப் பௌத்தத் தரப்பு கூறுகிறது.

பெரிய வாதம் 1258இல் கைபிங் நகரில் நடந்தது. தலைமை தாங்கியவர் அப்போது இளவரசராக இருந்த குப்லாய். பௌத்தர் 300 பேர், தாவோ தரப்பினர் 200 பேர், நடுவராகக் கன்பூசிய அறிஞர் 200 பேர் கூடியதாகப் பியென்வெய் லூ குறிப்பிடுகிறது. தாவோ தரப்புக்குச் சாங் சிஜிங் தலைமை தாங்கினார். பௌத்தத் தரப்பில் திபெத்தியத் துறவி பக்பாவும் இருந்தார். இரு தரப்பிலும் பதினேழு பேர் வாதிடுவர், தோற்றவர் வென்றவரின் நெறியை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. லாவோட்சு அயல்நாட்டாரை நெறிப்படுத்திய செய்தி சீமா சியெனின் பழைய வரலாற்று நூலில் உண்டா, தாவோ தே ஜிங்கில் உண்டா எனப் பக்பா வினவினார். இல்லை என ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது தாவோ தரப்பு வீழ்ந்தது.

இவ்வாதத்தின் வடிவம் கருதத்தக்கது. எந்தக் கோட்பாடு உயர்ந்தது என்பதைவிட, எந்த ஆவணம் செல்லும் என்பதே வினாவாக இருந்தது. பின்னர் வெளிப்பட்ட மறைகள் ஏற்கத்தக்கவையல்ல, பழைய வரலாற்று நூலும் தாவோ தே ஜிங்குமே ஏற்கத்தக்கவை என்ற அளவுகோலைத் தாவோ தரப்பு ஏற்றுக்கொண்ட அப்பொழுதே தோல்வி உறுதியாகிவிட்டது. ஏனெனில் தாவோ சமயம் தொடர் வெளிப்பாடுகளால் வளர்ந்த சமயம். தெய்வங்கள் அருளாளர்களுக்குப் புதிய மறைகளை அருளுவது அதன் இயல்பு. பழமை ஒன்றையே மெய்மையாகக் கொள்ளும் நீதிமன்றத்தில் அத்தகைய சமயம் வெல்ல இயலாது. தோற்ற பதினேழு பேரின் தலைகள் மழிக்கப்பட்டன. 45 நூல்களை எரிக்கவும் 237 மடங்களைப் பௌத்தரிடம் திருப்பித்தரவும் ஆணை பிறந்தது.

7. 1281ஆம் ஆண்டின் ஆணை

1258இன் ஆணைகள் முழுமையாக நிறைவேறவில்லை. குப்லாய் 1260இல் பெருங்கானான பின்னும் சுவான்சென் மரபை அவர் பகைக்கவில்லை. 1269இல் அம்மரபின் ஐந்து முதற்குருமாருக்கும் ஏழு சான்றோருக்கும் அவரே சிறப்புப் பட்டங்கள் அளித்தார். வாதில் தோற்ற நெறியைப் பதினோராண்டுகளுக்குப்பின் வென்ற அரசரே போற்றினார் என்பது, நிகழ்ந்தவற்றைச் சமய வெறுப்பு என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்க இயலாது என்பதற்குத் தக்க சான்று.

இடைக்காலத்தில் அரசியல் நிலை மாறியது. 1276இல் தென் சோங் தலைநகர் வீழ்ந்தது. குப்லாய் அவ்வாண்டிலேயே தெற்கின் வான்குரு சாங் சோங்யானை அரசவைக்கு அழைத்து, யாங்சே ஆற்றுக்குத் தெற்கே தாவோ சமயத்தை மேற்பார்க்கும் பொறுப்பை அவருக்கு அளித்தார். அவருடன் வந்த சாங் லியூசுன் தலைநகரிலேயே தங்கி அரச குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றார். வட சீனாவின் தாவோ சமயத்திற்குச் சுவான்சென் ஒன்றே வாயில் என்ற நிலை இதனால் தளர்ந்தது. மறுபுறம், 1270இல் பேரரச குரு என்ற பட்டம் பெற்ற பக்பாவின் மரபு அரசவையில் உயர்ந்து நின்றது. 1280இல் தலைநகரில் இரு சமயத்தாரிடையே மடவுரிமை தொடர்பாகக் கைகலப்பு மூண்டு, வழக்கு பேரரசரிடம் சென்றது.

1281ஆம் ஆண்டின் பத்தாம் திங்களில், தாவோ தே ஜிங் தவிர்த்த தாவோ நூல்கள் அனைத்தையும் அவற்றின் அச்சுப்பலகைகளோடு எரிக்குமாறு குப்லாய் ஆணையிட்டார். தலைநகரின் மின்சோங் கோயிலில் நூல்கள் எரிக்கப்பட்டன. தாவோ தலைவர்கள் தம் மந்திர எழுத்துகளை உடலில் தரித்து நெருப்பில் இறங்கிக் காட்டுமாறு கேட்கப்பட்டதாகவும், அவர்கள் அஞ்சி நூல்கள் பொய் என ஒப்புக்கொண்டதாகவும் பியென்வெய் லூ கூறுகிறது. வென்றவர் எழுதிய இக்காட்சியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் நூலை எரிக்கும் முடிவு தாவோ தரப்பின் வாயாலேயே வர வேண்டும் என அரசும் பௌத்தத் தரப்பும் விரும்பியதை அது உணர்த்துகிறது.

அச்சுப்பலகைகளை எரித்தமை தனிக் கவனத்திற்குரியது. எரிந்த படியை வேறொரு படியிலிருந்து எழுதிக்கொள்ளலாம். பலகை எரிந்தால் பல்லாயிரம் பக்கங்களை மீண்டும் செதுக்க வேண்டும். அதற்கு அரசின் அளவிலான பொருள்வளம் வேண்டும். துறவியர் தாமே வெளியிட்ட தொகுதி இனி அரசின் துணையின்றி மீள இயலாது என்ற நிலையை இவ்வாணை உருவாக்கியது. அதே வேளையில் ஆணை முழுவீச்சில் செயற்படவுமில்லை. சாங் லியூசுன் பட்டத்து இளவரசர் சென்ஜின் வழியாக முறையிட்டு, சடங்கு நூல்கள் சிலவற்றைக் காத்தார். அரசுக்கும் மக்களுக்கும் வேள்வியும் வேண்டுதலும் நடத்தத் தேவையான நூல்கள் பயன் கருதி விட்டுவைக்கப்பட்டன.

8. அதே ஆண்டில் சுவான்சௌவில்

இவ்வாணையின் இயல்பை விளங்கிக்கொள்ள, தமிழ் ஆய்வாளர் நன்கறிந்த ஒரு கல்வெட்டு துணைசெய்கிறது. தென்கிழக்குச் சீனத் துறைமுகமான சுவான்சௌவில் (தமிழில் குவான்சோ எனவும் எழுதப்படும்) கிடைத்த அத்தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, சித்திரைத் திங்களைக் குறிப்பது. அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைக் கானின் உடல்நலத்தின் பொருட்டு, அவரது ஆணையின்படி சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. செகசைக் கான் என்பது குப்லாயின் மங்கோலியப் பட்டப்பெயரான செச்சேன் கான் என்பதன் தமிழ் வடிவமாகக் கொள்ளப்படுகிறது.

சில மாத இடைவெளியில், ஒரே பேரரசரின் பெயரால் தெற்கே சிவன் கோயிலுக்கு இசைவு கிடைத்தது; வடக்கே தாவோ நூல்கள் எரிந்தன. இசைவாணை நிருவாகத்தின் எம்மட்டத்தில் பிறந்ததாயினும், அயற்சமயம் என்பது அக்காலத்தில் தடைக்குரிய காரணமாக இல்லை என்பதை இஃது உறுதிப்படுத்துகிறது. மங்கோலிய அரசு சமயங்களோடு செய்துகொண்ட உடன்பாடு எளியது: சமயத்தார் கானின் நலனுக்காகத் தம் தெய்வத்தை வேண்ட வேண்டும், கான் அவர்களைக் காப்பார். 1223இல் சியூ சூஜி பெற்ற விலக்கும் இவ்வடிப்படையிலானது. தமிழ் வணிகரின் கல்வெட்டு கானின் உடல்நலத்தைக் குறிப்பிடுவது இவ்வுடன்பாட்டின் மொழியிலேயே அமைந்துள்ளது.

வேறுபாடு எங்கே? சுவான்சௌவின் சிவன் கோயில் சீனக் குடிகளைத் தீக்கையளித்துத் தன்பால் சேர்க்கவில்லை. அரசுக்குரிய வரியைக் குறைக்கவில்லை. அரசின் குருவாக விளங்கிய சமயத்தைத் தன் கிளை என உரிமை கோரவில்லை. சுவான்சென் மரபு இம்மூன்றையும் செய்தது. இந்த ஒப்பீட்டிலிருந்து, குப்லாயின் ஆணை தண்டித்தது ஒரு தெய்வக் கொள்கையையன்று, எல்லை கடந்த ஓர் அதிகாரத்தையே என்ற முடிவுக்கு வரலாம்.

9. இழந்ததும் எஞ்சியதும்

அதிகாரத்தைக் குறிவைத்த ஆணை, அறிவையே அழித்தது. 1244இன் தொகுதி 7,800 சுருள்களுக்கு மேற்பட்டது. 1445இன் மிங் தொகுதி ஏறத்தாழ 5,300 சுருள்கள். இடைக்காலத்தில் எழுந்த புதிய நூல்களும் மிங் தொகுதியில் சேர்ந்துள்ளமையால், உண்மையான இழப்பு இவ்வெண்களின் வேறுபாட்டினும் மிகுதி. மிங் தொகுதியிலேயே தொலைந்த மறைகளின் பட்டியல் ஒன்று இடம்பெற்றுள்ளது. தான் இழந்தவற்றின் பெயர்களைத் தானே சுமக்கும் தொகுதி அது. எரிப்புக்கு முதற்காரணமான ஹுவா ஹூ ஜிங் மறைத்தொகுதியிலிருந்து முற்றிலும் நீங்கியது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைக்கப்பட்டு 1900இல் கண்டறியப்பட்ட துன்ஹுவாங் குகைநூலகத்தில் கிடைத்த துண்டுப் பகுதிகள் வழியாகவே இன்று அதன் பழைய வடிவத்தை அறிகிறோம்.

மரபு மட்டும் அழியவில்லை. 1310இல் யுவான் அரசு சுவான்சென் குருமாருக்கு மேலும் உயர்ந்த பட்டங்களை அளித்தது. 1247இல் கட்டத் தொடங்கிய யோங்லே கோயிலின் சுவரோவியங்கள் 1325இலும் 1358இலும் நிறைவுற்றன. வாங் சேயின் வாழ்க்கை அச்சுவர்களில் தீட்டப்பட்டுள்ளது. நூல் எரிந்த நூற்றாண்டை அடுத்து, மரபு தன் வரலாற்றைச் சுவரில் எழுதிக்கொண்டது. மிங் தொகுதியின் அச்சுப்பலகைகள் 1900இல் பெய்ஜிங் கலவரத்தில் அழிந்தபோதும், சியூ சூஜியின் நினைவிடமான வெண்முகில் மடத்தில் இருந்த படியைக் கொண்டு 1923–1926இல் ஷாங்காயில் மறுபதிப்பு வெளிவந்தது. இன்றைய தாவோ ஆய்வுகள் பெரிதும் இம்மறுபதிப்பால் வளர்ந்தவை.

10. எரிப்பிலிருந்து எண்ணிக்கைக்கு

யுவானுக்குப் பின்வந்த அரசுகள் நெருப்பைக் கைவிட்டுப் பதிவேட்டைக் கையிலெடுத்தன. மிங் அரசை நிறுவிய சூ யுவான்சாங் தாவோ தே ஜிங்குக்குத் தாமே உரை எழுதியவர். அவர் 1368இல் வான்குரு என்ற பட்டத்தை நீக்கினார். வானுக்குக் குரு இருக்க இயலாது என்பது அவர் கூறிய காரணம். அம்மரபின் தலைவர் மெய்யர் என்ற தாழ்ந்த பட்டத்தோடு அரசின் பணியாளர் ஆனார். 1382இல் தாவோ துறவியரை மேற்பார்க்கும் நடுவண் அலுவலகம் அமைந்தது. 1391இல் மாவட்டம் ஒன்றுக்கு 40, அடுத்த நிருவாகப் பிரிவுக்கு 30, வட்டத்திற்கு 20 எனத் துறவியர் எண்ணிக்கை வரம்பிடப்பட்டது. சிங் பேரரசர் சியென்லோங் 1747இல் வான்குரு மரபுத் தலைவரின் அரசுத் தரநிலையை இரண்டிலிருந்து ஐந்தாகத் தாழ்த்தினார். 1766இல் மூன்றாக உயர்த்தினார். 1898இல் பேரரசர் குவாங்சூ, அரச வழிபாட்டுப் பட்டியலில் இல்லாத கோயில்களைப் பள்ளிகளாக மாற்ற ஆணையிட்டார். அரசின் பட்டியலில் இடமில்லாதது மெய்யான கோயிலன்று என்ற 1281இன் அளவுகோலே இங்கும் செயற்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சீன அரசுகளின் தாவோ ஒடுக்குமுறை பெரும்பாலும் சமயத்தை ஒழிப்பதை நோக்கமாகக் கொள்ளவில்லை. குடிகளைப் பதிவுசெய்தல், தீக்கையளித்தல், மறையைத் தொகுத்தல் ஆகிய அதிகாரங்களை அரசுக்குள் நிறுத்துவதே அதன் நோக்கமாக இருந்தது. இரண்டாவதாக, ஆதரவும் ஒடுக்குமுறையும் எதிரெதிர்க் காலங்களல்ல. பெரும்பாலும் ஒரே அரசரின் ஆட்சியில், ஒரே அளவுகோலின் இரு பயன்பாடுகளாக நிகழ்ந்தன. 1269இன் பட்டங்களையும் 1281இன் நெருப்பையும் அளித்தவர் ஒருவரே. மூன்றாவதாக, நோக்கம் நிருவாகமாக இருந்ததனால் இழப்புக் குறைந்துவிடவில்லை. மீட்க இயலாத நூல்கள் அழிந்தன.

இவற்றினும் முக்கியமானது, அவ்வளவுகோல் இன்றும் ஆய்வுலகில் வழங்குவதாகும். தாவோ தத்துவம் தூயது, தாவோ சமயம் அதன் சிதைவு எனப் பிரித்துக் காண்பது பல பாடநூல்களில் வழக்கமாகியுள்ளது. தாவோ தே ஜிங் மெய், சடங்கும் மந்திர எழுத்தும் பொய் என்ற பேரரசாணையின் தீர்ப்போடு இப்பிரிவு வரிக்கு வரி ஒத்துச்செல்கிறது. ஆணையிட்டோரின் சொற்களையே பகுப்பாய்வுச் சொற்களாக ஏற்கும்போது, ஒடுக்குமுறையை ஆராய்வோரும் அறியாமலே அதனைத் தொடர்கின்றனர். தமிழில் ஒப்பீட்டுச் சமய ஆய்வு மேற்கொள்வோர், தாவோ தே ஜிங்கோடு நின்றுவிடாமல் மறைத்தொகுதியின் சடங்கு நூல்களையும் மடக் கல்வெட்டுகளையும் தொலைந்த மறைகளின் பட்டியலையும் தம் மூலங்களாகக் கொள்வது இன்றியமையாதது.